சின்ன ‘ர’ போட்ட பாறை

அத்தியாயம் பதினாறு

விடிந்ததும் விடியாததுமாகச் சர்வேயர் வீட்டுக் கதவைத் தட்டியது யார் என்று கேட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. போலீஸ் என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். நல்ல கற்பனை. ஆனால் தட்டியது ஆறடி.

ஆறடி என்றதும் ஆளின் உயரம் என்று நினைத்துவிட வேண்டாம். எக்கி நின்றால் ஐந்தடி தேறும். சபையின் கல்லறைத் தோட்டத்தில் இருபது வருடமாகக் குழி வெட்டுகிறவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

“அய்யா, எட்டாவது வரிசையில தண்ணி ஊறுது,” என்றார் ஆறடி, வாசலில் நின்றபடியே. “நேத்து சாயந்தரம் பாதிக் குழி வெட்டிப் போட்டேன். இப்பப் போய்ப் பார்த்தா முழங்கால் அளவுக்கு நிக்குது. நாலு மணிக்கு அடக்கம்.”

“ஒரு வாரமா மழை. ஊறாம என்ன செய்யும்? வேற இடம் பார்க்கலாம், உள்ள வாங்க.”

“வேற இடம் ஏதுங்கய்யா?” என்று கேட்ட ஆறடி, உள்ளே வரவில்லை. கண்ணைக்கூட நிமிர்த்தவில்லை. அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். சர்வேயருக்கு அது என்னவோ போலிருந்தது.

இந்த வாரம்தான் நம்மோடு சேருகிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். நிலம் அளக்கும் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் சர்வேயர். இப்போது சபையின் செயலர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மனைவி, எட்டு மாதத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள், அப்பாவோடு இருக்கிறாள். மகன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று தெரு தள்ளித் தனியாக இருக்கிறான்.

சபைப் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலைக்கு அவன் மனுப் போட்ட அன்று, தேர்வுக் குழுவில் இருந்த அப்பா ‘என் பையன் விஷயத்துல நான் வாய் திறக்க மாட்டேன்’ என்று எழுந்து வெளியே போனார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. கைதூக்கி விட ஆளில்லாத பிள்ளை, ஊரையெல்லாம் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனான். “எங்கப்பாவுக்கு மூத்த பிள்ளை நியாயம். நான் அதுக்கப்புறம்தான்” என்று அவன் சொல்வதை நாம் பல வாரமாகக் கேட்டு வருகிறோம்.

கல்லறைத் தோட்டத்து விஷயத்தை மட்டும் இதுவரை நான் சொல்லவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்பு வரை அந்தத் தோட்டத்தில் மேடான இடமெல்லாம் பெரிய குடும்பங்களுக்கு என்று ஒதுக்கியிருந்தது. உயிரோடு நடமாடுகிறவர்களுக்கெல்லாம் அங்கே இடம் இருந்தது. உண்மையிலேயே செத்துப் போன ஏழைகளுக்குத்தான் இடமில்லை. அவர்கள் பின்சுவர் ஓரத்துப் பள்ளத்துக்குப் போனார்கள். சர்வேயர் செயலர் ஆனதும் முதல் வேலையாகத் தோட்டத்தை அளந்து, வரைபடம் போட்டு, ஒரு சட்டம் கொண்டுவந்தார். சாவு வரும் வரிசையில்தான் இடம். யாரும் யாருக்காகவும் பிடித்து வைக்கக் கூடாது.

மனைவியின் பக்கத்து இடத்தைத் தனக்கென்று விடச் சொல்லி ஒரு கான்ட்ராக்டர் அழுதார். பெரிய மனிதர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். சர்வேயர் அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார், இடம் கொடுக்கவில்லை. கான்ட்ராக்டர் இப்போது ஆறாம் வரிசையில் இருக்கிறார். அவர் மனைவி இரண்டாம் வரிசையில்.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

ஆறடி போனதும் சர்வேயர் அலமாரியைத் திறந்து தோட்டத்தின் பதிவேட்டை எடுத்தார். எட்டு மாதமாக அவர் அதைத் தொடவில்லை. ஏழாம் வரிசை, பதினான்காம் எண்ணில் மனைவியின் பெயர் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறக்க அவருக்குத் தெம்பில்லை. “நான் எழுதறேன்பா, விடுங்க,” என்று மகன்தான் அந்த வேலையை ஏற்றுக்கொண்டான். அடக்கம் நடக்கும் நாளெல்லாம் வருவான், எழுதுவான், ஒரு டீ குடித்துவிட்டுப் போவான். ஏழு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை. அந்த ஒரு டீக்காகச் சர்வேயர் எதையும் கேட்காமல் இருந்தார்.

பதிவேட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே மூன்றில் ஒன்றுதான் இருக்கும். பெயர், அல்லது ‘காலி’, அல்லது ‘பாறை’. அடியில் பாறை தட்டி, வெட்ட முடியாத இடம் என்று அர்த்தம். அப்படி ஐந்தே இடங்கள். ஐந்தும் வடக்கு மூலையில். சர்வேயரே கடப்பாரையால் குத்திப் பார்த்து எழுதியவை.

பதினான்காம் எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, அடுத்த வரியைப் பார்த்தார்.

பதினைந்து: பாரை.

பாரை என்றால் மீன். கல்லறைத் தோட்டத்தின் ஏழாம் வரிசையில் மீன் நீந்த வழியில்லை. இந்தத் தப்பைச் செய்ய உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. மூன்றாம் வகுப்பிலிருந்து சின்ன ‘ர’வுக்கும் பெரிய ‘ற’வுக்கும் தகராறு அவனுக்கு. “குத்தற கடப்பாரைக்குச் சின்ன ர, குத்து வாங்கற பாறைக்குப் பெரிய ற” என்று அவன் அம்மா எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்தாள். ஏறவில்லை.

“தம்பியைக் கூப்பிடும்மா,” என்றார் மகளிடம்.

“வேலைக்குப் போயிருப்பான்பா.”

“இருக்கட்டும். அப்பா கூப்பிட்டாருன்னு சொல்லு.”

அவர் குரலைக் கேட்டதும் மகள் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். அப்பா மகனைக் கூப்பிட்டு அனுப்புவது இந்த வீட்டில் நடக்காத காரியம்.

பத்து மணிக்கு வந்தான். முழங்கை வரை கிரீஸ். சர்வேயர் பதிவேட்டை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“இது என்னடா?”

“பாறை.”

“பாறைக்கு எந்த ற?”

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா மின்விசிறியைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும் என்று அப்போதே சர்வேயருக்குப் புரிந்துவிட்டது.

“எட்டு மாசமா யாரும் ஒண்ணும் கேக்கல,” என்றான் மகன். “இப்ப என்ன வந்துச்சு?”

“ஒரு மனுஷனைத் தண்ணியில படுக்க வைக்கப் போறோம். அதான் வந்துச்சு.”

“மோட்டார் வெச்சு இறைச்சிடலாம். நானே கொண்டாந்து வைக்கிறேன்.”

“நிறுத்தினா திரும்ப ஊறும். பெட்டி மிதக்கும்டா. செத்தவரோட சம்சாரம் கரையில நின்னு அதைப் பார்க்கணுமா?”

இறந்தவர் அட்டைப் பெட்டிக் கம்பெனியில் மூட்டை தூக்கியவர். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் சபைக்கு வரத் தொடங்கினார். கடைசி பெஞ்சில், கதவோரம் உட்காருவார். மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் பட்டன் தைப்பவள். சபையில் பாதிப் பேருக்கு அவர்களைத் தெரியாது. அந்தத் தெரியாதவர்களுக்காகத்தான் சர்வேயர் சட்டம் போட்டார்.

மகள் மெல்ல வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். “அப்பா, நீங்க உங்களுக்குன்னு யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்ல. அம்மா பக்கத்துல இந்த மூணரை அடி இடத்தைக் கேட்டா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?”

“ஆண்டவர்கிட்ட கேக்கலாம்மா. அந்தம்மாகிட்ட இருந்து எடுக்கக் கூடாது.”

“யாருக்கும் தெரியாதுப்பா.”

“நம்ம ஆண்டவருக்கே சொந்தமா ஒரு கல்லறை கிடையாது. இரவல் இடத்துலதான் வெச்சாங்க.”

“அவர் மூணாம் நாளே காலி பண்ணிக் குடுத்துட்டாரு,” என்றான் மகன். “நீங்க அப்படிப் பண்ணுவீங்களா?”

“டேய்!” என்று அதட்டினாள் அக்கா.

சர்வேயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைக் கேட்டிருந்தால் அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள். பிறகு பிள்ளையை ஒரு அடி அடித்திருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு எங்கேயோ போயிற்று.

“ஏண்டா இப்படிப் பண்ணினே?” என்று கேட்டார். இந்த முறை அதட்டலாக இல்லை.

மகன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

“நானா பண்ணல. அம்மா சொன்னாங்க.”

“என்ன?”

“கடைசி வாரம், ஆஸ்பத்திரியில. ‘முப்பத்தி நாலு வருஷம் எனக்கு நைட் டியூட்டி, அவருக்கு வெளியூர் சர்வே. ஒரே வீட்டுல இருந்தும் ஆளுக்கொரு நேரம். கடைசியிலயாவது எங்களுக்கு ஒரே ஷிஃப்ட் போட்டுக் குடுடா’ன்னாங்க. எல்லாரும் உயிர்த்து எழுந்திருக்கற நாள்ல உங்க கண்ணாடியை யாரு தேடிக் குடுப்பாங்கன்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. ஆனா என் கையை விடல.”

சர்வேயர் பதிவேட்டை மெல்ல மூடினார்.

“என்கிட்ட ஏண்டா கேக்கல அவ?”

“கேட்டா நீங்க மாட்டேன்னு சொல்லணும். உங்களை அப்படிச் சொல்ல வைக்க அம்மாவுக்கு மனசு வரல. அவர்கிட்ட சொல்லிடாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. ஆறடி அண்ணன்கிட்ட போய் நான்தான் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன். ஒரு இடம் விட்டு அடுத்ததை வெட்டினாரு. நான் எழுதினேன்.”

சர்வேயர் எழுந்து படுக்கை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே அவர் முழங்கால் போட்டார். மூட்டு சொடுக்கிய சத்தம் வெளியே இருந்த மகளுக்குக் கேட்டது. என்ன ஜெபித்தார் என்று எனக்கும் தெரியாது. வார்த்தையாக எதுவும் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு அவள் வேண்டும். அவ்வளவுதான். பரலோகத்தில் தூரம் இல்லை என்று போதகர் சொன்னதை அவர் நம்புகிறார், சந்தேகமே இல்லாமல் நம்புகிறார். ஆனாலும் ஆசை அந்த மூன்றரை அடியின் மேல்தான். எழுபது வயதுக்குப் பக்கத்தில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு ஏக்கம் வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் பழைய சர்வேயர்.

“உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோவமில்ல. என் மேலதான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் எங்க ஸ்டூல் போட்டு உட்காருவேன்?”

“அம்மா பக்கத்துல,” என்றாள் மகள்.

“அதான் பதினைஞ்சு. அதுக்கு அந்தப் பக்கம் நாலு பேரை அடக்கம் பண்ணியாச்சு. நடுவுல ஒரு இடம் வெறுமனே கிடக்கு. நிலத்தைப் பார்த்தே அளவு சொல்றவன் நான். எனக்கு அது தெரியலன்னு நினைக்கிறீங்களா?”

சர்வேயரே தொடர்ந்தார்.

“முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. கேட்டா காரணம் தெரிஞ்சுடும், காரணம் தெரிஞ்சா இடம் போயிடும். அதனால கேக்கல. கான்ட்ராக்டர் அழுதப்போ சட்டம் பேசினவன், என் முறை வந்ததும் ஊமையாயிட்டேன். நீ ஒரு வார்த்தை எழுதினே, அதையும் தப்பா எழுதினே. நான் தப்பே இல்லாம எட்டு மாசம் பொய் சொன்னேன்.”

“அப்பா, வேண்டாம்பா,” என்றான் மகன். அப்படி அவன் அப்பாவிடம் கெஞ்சிப் பல வருடமாயிற்று. “நியாயத்துக்கு நீங்க எவ்வளவோ பண்ணிட்டீங்க. அம்மா கேட்டது இது ஒண்ணுதானே.”

சர்வேயர் செருப்பை மாட்டினார். வாசல் மூலையில் இருந்த கடப்பாரையை எடுத்தார்.

தோட்டத்தில் ஆறடி இன்னும் எட்டாம் வரிசைக் குழிக்குள் நின்று வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். சர்வேயர் நேராக ஏழாம் வரிசைக்குப் போனார். மனைவியின் கல்லைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் காலை அகட்டி நின்று கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் அது பாதி வரை இறங்கியது.

குழிக்குள்ளிருந்து ஆறடி பார்த்தார். வாளி கையிலிருந்து நழுவியது.

“அய்யா, தம்பி அழுதுச்சுங்க. எனக்கு மனசு கேக்கல.”

“எனக்கும்தான் கேக்கல ஆறடி. மேல வாங்க, இங்க வெட்டுங்க. நேரமில்ல.”

“என் வேலை போயிடுங்களா?”

“ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னாடி நான் எழுந்து நிப்பேன். ஒரு இடம் மறைச்சு வெச்சிருந்தது, அது எனக்காக, பார்த்தும் நான் கேக்கலன்னு சொல்வேன். என் பேரைத்தான் சொல்வேன். செயலரா இன்னொருத்தரைப் போட்டுக்கச் சொல்வேன்.”

பின்னாலேயே வந்த மகன், வேலி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். “எழுதினது யாருன்னு கேப்பாங்க,” என்றான்.

“கேப்பாங்க.”

“சொல்லிடுவீங்களா?”

“பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வாய் என்னோடதா இருக்கக் கூடாது. அன்னைக்கு உனக்காகவும் பேசல. இன்னைக்கு உனக்கு எதிராவும் பேச எனக்கு மனசில்லடா.” கடப்பாரையை உருவிக்கொண்டே சொன்னார். “நீ கோயிலுக்கு வந்து வருஷம் என்ன ஆச்சு? ஞாயித்துக்கிழமை வரணும்னு நான் சொல்லல. வந்தா அக்கா பக்கத்துல இடம் இருக்கும்.”

மகன் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தான். ஆறடி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ஒவ்வொரு வெட்டுக்கும் அம்மாவின் கல் ஓரத்தில் மண் சரிந்தது. அவன் அதைக் கையால் துடைத்துவிட்டுத் துடைத்துவிட்டு வெட்டினான். அப்பாவுக்காக வெட்டினானா, அப்பாவின் மேல் இருந்த கோபத்தில் வெட்டினானா என்று அவனைக் கேட்டாலும் தெரியாது. மூன்று மணிக்குக் குழி தயாராயிற்று. காய்ந்த மண், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நாலு மணிக்குப் பெட்டி வந்தது. கூட வந்தவர்கள் இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள். போதகர் ஜெபித்தார். மண்ணைப் போட்டார்கள். சர்வேயர் செயலராக நிற்க வேண்டிய இடத்தில், குழியின் தலைமாட்டில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் பதிவேட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். ‘பாரை’யை அடித்துவிட்டு அப்பா கையெழுத்துப் போட்ட மை சற்றுமுன்தான் காய்ந்திருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகும் பட்டன் தைக்கும் அந்தப் பெண் போகவில்லை. சர்வேயரிடம் வந்தாள். அவளுக்கு அவரைச் செயலர் என்று மட்டும்தான் தெரியும்.

“அய்யா, தண்ணி நிக்கற இடமாத்தான் கிடைக்கும்னு சொன்னாங்க. நல்ல இடமா குடுத்துட்டீங்க. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்.”

“இது உங்களுக்கு வரவேண்டிய இடம்தாம்மா. நான் குடுக்கல.”

அவள் தயங்கினாள். “ஒண்ணு கேக்கலாங்களா? அவருக்கு இந்தப் பக்கத்துல எனக்கு ஒரு இடம் சொல்லி வைக்க முடியுமா? ரெண்டு பேரும் ஆளுக்கொரு வேலைன்னு ஓடியே காலம் போயிடுச்சு.”

சர்வேயர் பக்கத்தில் நின்ற மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“முடியாதும்மா,” என்றார் சர்வேயர். “அங்கே ஏற்கெனவே ஆள் இருக்காங்க. இருந்தாலும் சொல்லி வைக்க முடியாது. சாவு வர்ற வரிசையிலதான் இடம். யாருக்காகவும் பிடிச்சு வைக்கறதில்ல.”

“பெரியவங்களுக்குக்கூடவா?”

“யாருக்குமே இல்லம்மா.”

அவள் புதுமண்ணைப் பார்த்தாள். பிறகு அதை ஒட்டி இருந்த கல்லைப் பார்த்தாள். எழுத்துக்கூட்டி ஒரு பெண்ணின் பெயர் என்று தெரிந்துகொண்டாள்.

“அப்போ இந்தம்மாவோட வீட்டுக்காரருக்கும் பக்கத்துல இடம் இல்லாம போச்சு, பாருங்க. எங்களால.” அவளுக்குத் தன் துக்கத்தோடு அதுவும் சேர்ந்துகொண்டது. “உசுரோட இருக்காருங்களா அவரு?”

“இருக்காரும்மா.”

“பாவம். அவருக்குத் தெரியுமா?”

மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மகன் நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சர்வேயர் அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

“தெரியும்மா,” என்றார். “இன்னைக்குக் காலையிலதான் சொன்னாங்க.”

“என்ன சொன்னாரு?”

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் சொல்லலம்மா. சரின்னுட்டாரு.”